எது அழுக்கு?

சுத்தம் நல்லதுதான். ஆனால், எது அழுக்கு என்று தீர்மானிக்கிற உரிமை யாருக்கு என்பதே என் கேள்வி.

கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் தங்கள் விளக்கக் குறிப்புகளை வெறும் எழுத்துக் கோப்புகளாக எழுதி வைக்கிறார்கள். பலர் கை பட்ட எழுத்து. கோணல் மாணலாகத்தான் இருக்கும். அதை நேர்படுத்த ‘ஸ்கிரிப்ட்’ என்கிற சின்னக் கட்டளைத் தொடர் ஒன்று போதும். ஆயிரம் கோப்புகளானாலும், வரிக் கடைசியில் வீணாய் நிற்கும் இடைவெளிகளை அது நொடிகளில் துடைத்துவிடும்.

இடைவெளிதானே, போனால் என்ன? ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுன் எழுத்துமுறையில், வரிக் கடைசியில் இரண்டு இடைவெளி இருந்தால், ‘இங்கே வரியை முறி’ என்று பொருள். அவற்றைத் துடைத்தால், மூன்று வரிகளாய் நின்ற மூன்று கட்டளைகள் அச்சில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நள்ளிரவில் பழுது பார்க்க உட்காருகிறவன் ஒரு படியைத் தவற விடலாம். எழுதியவன் அதை அறியான். துடைத்தவனோ படிக்கவே இல்லை.

நானும் எழுதிப் பிழைக்கிறவன். எழுத்துக்கு நடுவே விட்ட இடமும் எழுத்துதான் என்று எனக்குத் தெரியும்.

ஸ்கிரிப்ட்டை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கண் இல்லை, ஏவியவனுக்கு உண்டு. மாற்றப் போவதை முதலில் காட்டு, நான் பார்த்துச் சரி என்ற பிறகு மாற்று என்று அதற்கே கட்டளையிடலாம். அந்தச் சிறு தாமதம்தான் பிறர் எழுத்துக்கு நாம் தரும் மரியாதை.

நமக்குப் புரியாததையெல்லாம் குப்பை என்று பெருக்கித் தள்ளுவது சுத்தமல்ல, அகம்பாவம்.