கவுண்ட்

ஆங்கிலத்தில் 'கவுண்ட்' என்று ஒரு சொல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. கோர்ட்டில் குற்றப் பத்திரிகையில் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டும் ஒரு கவுண்ட். அலெக்ஸாண்டர் டூமாவின் நாவலில் வருகிற மாண்டி கிறிஸ்டோ பிரபுவும் ஒரு கவுண்ட்தான். அவர் மட்டும் தோழன் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தவர். ஒருவரை நம்பியிருக்கிறோம் என்று சொல்லவும் வெள்ளைக்காரன் இந்தச் சொல்லைத்தான் எடுப்பான். 'அவனெல்லாம் ஒரு பொருட்டா?' என்று ஒதுக்கவும் இதையேதான் எடுப்பான்.

ராஜபாளையத்தில் இதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் நூற்பாலைகள் பெருகிய ஊர் அது. அங்கே கவுண்ட் என்றால் நூலின் நம்பர். 840 கஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அதற்காக இருபதாம் நம்பர் மட்டம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மெல்லிய வேஷ்டிக்கு ஒரு நூல், முரட்டுத் துண்டுக்கு ஒரு நூல்.

நாம் மனிதர்களுக்கும் நம்பர் போடுகிறோம். பையனுக்கு எத்தனை மார்க்கு, மாப்பிள்ளைக்கு எத்தனை சம்பளம், பெண்ணுக்கு எத்தனை பவுன்? 'உங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டால், 'இரண்டு பேர்' என்று தயங்காமல் பதில் வருகிறது. விடியுமுன் எழுந்து அந்த இரண்டு பேருக்கும் சமைத்துப் போடுகிற தாயார் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே எண்ணுவதே பாவம், மனிதர்களை எண்களாக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை.

1952-ஐ நினைத்துப் பாருங்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத் தேர்தல். ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டியிட்டுத் தோற்றார். எண்ணுகிற மேஜையில் மில் முதலாளியின் ஓட்டும் ஒன்று; பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு வேலை செய்தவளின் ஓட்டும் ஒன்று. அவளை அதற்கு முன்னால் ராஜ்ய விவகாரத்தில் யார் எண்ணினார்கள்? எண்ணப்பட்ட பிறகுதான் அவள் ஒரு பொருட்டானாள்.

ஆனால், அந்த எண்ணிக்கையிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: சட்டசபைக்கு யார் போவது? தோற்றவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அதை யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. தம்முடைய சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். அது எந்த ஓட்டுப் பெட்டியிலும் விழுந்த சீட்டல்ல.

எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. ஒரு கேள்விக்கு அது தந்த விடையை எல்லாக் கேள்விக்கும் விடையாக்குகிறோமே, அந்தப் பொய் நம்முடையது.

தமிழிலும் 'எண்ணு' என்றால் இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுவது, நினைப்பதும் எண்ணுவது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரைப் பாருங்கள். ஆண்டுக் கணக்குக்கு அப்பாற்பட்டவன் என்று தாம் நம்பிய பெருமாளுக்கே ஆண்டுகளை அடுக்கித் திருப்பல்லாண்டு பாடினார். அந்தக் கணக்கு அன்பிலிருந்து வந்தது. வெளியூர் போன மகன் திரும்ப இன்னும் எத்தனை நாள் என்று விரல் விடுகிற தாயின் கணக்கும் அதே ஜாதிதான். நினைக்காமல் எண்ணும்போதுதான் மனிதன் வெறும் நம்பராகிறான்.

மில்லில் நூலின் நம்பரைப் பார்ப்பதோடு யாரும் நின்றுவிடுவதில்லை. இழை எவ்வளவு இழுவை தாங்கும் என்று தனியாகச் சோதிக்கிறார்கள். நம்பர் சரியாக இருந்தும் இற்றுப்போகிற நூல் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். மார்க்கையும் சம்பளத்தையும் கேட்டு முடித்த பிறகு, நாமும் இன்னொரு கேள்வி கேட்கலாம்: கஷ்டம் வந்து இழுக்கிறபோது இவர் எவ்வளவு தாங்குவார்? வீட்டுக் கணக்கில் வராத அந்தத் தாயாரிடமிருந்தே இந்தச் சோதனையைத் தொடங்கலாம்.