பஃபலோ ஆற்றுக்கு யார் கொடுத்த விலை

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஓசார்க் மலைக்காட்டுக்குள் ஒரு பலகை வீடு ஆளில்லாமல் நிற்கிறது. பஃபலோ ஆற்றில் வந்து சேரும் ஸ்னீட் ஓடையின் பக்கம் அது இருக்கிறது. காட்டுப்பாதையில் நடந்து வருகிறவர்கள் அதன் திண்ணையில் சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அருவி பார்க்கப் போய்விடுகிறார்கள். அங்கே ஈவா ஹெண்டர்சன் என்ற மூதாட்டி ஆடு மாடுகளோடு தனியாக வாழ்ந்தார். ஊரார் அவரை ஹெண்டர்சன் பாட்டி என்றே அழைத்தார்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காக அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1970களின் கடைசியில் பாட்டி அங்கிருந்து வெளியேறினார். சிறிது காலத்திலேயே இறந்தும் போனார். வீடு மட்டும் இருக்கிறது, காட்சிப்பொருளாக.

அந்த ஆற்றைக் காப்பாற்றியது சரிதான். அந்தப் பாட்டியை எழுப்பி அனுப்பியது தவறுதான். முதல் வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் முதலாவதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த மலைப்பக்கத்தில் மனக்கசப்பு ஆறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால், ஆற்றை அனுபவிக்கப் போகிறவனின் கடமை என்ன என்பது கொஞ்சம் துலங்கும்.

பஃபலோ, பாஸ்டன் மலைகள் எனப்படும் ஓசார்க்கின் உயரமான பகுதியில் பிறக்கிறது. கிழக்கே ஏறத்தாழ 150 மைல் ஓடி ஒயிட் ஆற்றில் கலக்கிறது. வழியில் ஓர் அணை கூட இல்லை. இரு கரையிலும் வெளுத்த சுண்ணாம்புப் பாறைகள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. பிக் பிளஃப் என்னும் பாறை 500 அடிக்கும் மேல். ஹெம்டு இன் ஹாலோ என்ற பள்ளத்தில் 209 அடி உயரத்திலிருந்து அருவி விழுகிறது. மழைதான் ஆற்றுக்கு முதல். வசந்தத்தில் துடுப்புப் படகை அம்புபோல் இழுத்துக்கொண்டு போகும் மேல்பகுதியிலேயே, கோடையில் படகைக் கூழாங்கல் மேல் தேய்த்து இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். உலம் என்ற இடத்துக்குக் கீழே கோடையில் ஆறே காணாமல் போய்விடும். பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே நடந்து, கீழே வேறோரிடத்தில் தலைகாட்டும். இந்தக் கண்ணாமூச்சியைப் பின்னால் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அணை இல்லாமல் இந்த ஆறு தப்பியது தற்செயல் அல்ல. இது போய்ச் சேரும் ஒயிட் ஆற்றுப் படுகையில் 1944இல் நார்ஃபோர்க், 1951இல் புல் ஷோல்ஸ், 1958இல் டேபிள் ராக், 1966இல் பீவர் என்று அணைகள் வரிசையாக எழுந்தன. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடப்படும் தண்ணீர் குளிர்ந்து கிடந்ததால், வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்த உள்ளூர் மீன்கள் அணைகளின் கீழே நிலைக்கவில்லை. அந்த இடத்தில் பண்ணையில் பொரித்த டிரவுட் மீன்களை விட்டு வளர்க்கிறார்கள். பஃபலோவுக்கும் இதே கதி வரவிருந்தது. 1938ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டத்தின் வழியில், லோன் ராக், கில்பர்ட் என்ற இரண்டு இடங்களில் அணை கட்ட ராணுவப் பொறியாளர் படை திட்டம் போட்டு வைத்திருந்தது.

மார்ஷல் என்ற சிற்றூரின் வணிகர்கள் அணை வேண்டும் என்று சங்கம் வைத்துப் பேசினார்கள். அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்க்கொண்டிருந்த ஏழை மலை மாவட்டம் அது. பக்கத்து நீர்த்தேக்கக் கரைகளில் விடுதியும் மோட்டார் படகும் பணப் புழக்கமும் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பசித்தவனிடம் பாறையின் அழகைக் காட்டுகிறவன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் பென்டன்வில் ஊர் மருத்துவர் நீல் காம்ப்டன். 1962இல் ஓசார்க் சங்கத்தை அவர் தொடங்கினார். மனு, கூட்டம் எல்லாம் நடந்தன. ஆனால் சங்கத்தின் கூர்மையான ஆயுதம் படகு. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றில் இறக்கிவிடுவார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் வந்து படகில் போனார். ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டன் போனார். ஒரு முறை அந்தப் பாறைகளுக்கு அடியில் மிதந்து போனவருக்குத் திட்ட வரைபடத்தில் நீலம் பூசிய நீர்த்தேக்கம் வேறு மாதிரி தெரிந்தது. கடைசியில் 1965 டிசம்பரில் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், அணை வேண்டாம் என்று பொறியாளர் படைக்குக் கடிதம் எழுதினார். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி காவற்படையை நிறுத்தினாரே, அதே ஃபாபஸ். ஒரு கை செய்த நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. இரண்டும் கணக்கில் இருக்கின்றன. 1972 மார்ச் 1ஆம் தேதி, யெல்லோஸ்டோன் பூங்கா பிறந்து சரியாக நூறாண்டு ஆன நாளில், பஃபலோ அமெரிக்காவின் முதல் ‘தேசிய ஆறு’ ஆயிற்று. ஆற்றில் 135 மைலும் கரையோரம் ஏறத்தாழ 95,000 ஏக்கரும் காப்புக்குள் வந்தன.

அனுபவித்தவர்கள்தான் காப்பாற்றினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இயற்கையை ரசிப்பது வேறு, காப்பது வேறு, ரசிப்பு ஒரு சுயநலம் என்று பேசுகிறவர்கள் உண்டு. பஃபலோவின் கதை அதற்கு எதிர்ச்சாட்சி. யாரும் கால் நனைக்காத ஆறாக இருந்திருந்தால் அது இன்றைக்கு ஏரியின் அடியில் கிடந்திருக்கும். ஆனால் இந்த உண்மை அனுபவிக்கிறவனுக்கு ஒரு மிதப்பையும் கொடுத்துவிடுகிறது: ‘நாங்கள் இல்லாவிட்டால் ஆறு ஏது?’ காப்பாற்றியவன் என்ற பட்டம் சொந்தக்காரன் என்ற பட்டா ஆகிவிடாது.

பட்டா உண்மையில் வேறு கைகளில்தான் இருந்தது. ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் மூன்று நான்கு தலைமுறையாகச் சோளமும் வைக்கோல் புல்லும் விளைத்த குடும்பங்கள் அவை. அணை வந்தால் நிலம் மூழ்கும்; பூங்கா வந்தால் நிலம் போகும். அணையும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம், எங்களை இருந்தபடி விடுங்கள் என்று கேட்ட நிலக்காரர்களின் குரல் இரண்டு பெரிய கட்சிகளின் சத்தத்தில் அமுங்கியது. நிலத்தை விற்ற பிறகும் ஆயுள் முழுக்கவோ 25 ஆண்டு வரையிலோ வீட்டில் இருந்துகொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருந்தது. சட்டத்தின் அந்த ஈரம் அதிகாரிகளின் நடையில் இருக்கவில்லை என்பது அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்லும் குறை. நீதிமன்றத்தில் அரசு கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, தாத்தா நட்ட மரத்தைத் திரும்பிப் பார்க்காமல் போவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. கோடிக்கணக்கானவர்களுக்கும் இனி பிறக்கப் போகிறவர்களுக்கும் கிடைத்த நன்மைக்கு முன்னால், சில நூறு குடும்பங்களின் இழப்பு எம்மாத்திரம்? கணக்காகப் பார்த்தால் இதை மறுக்க முடியாது. ஆனால் நன்மை ஒருவர் மடியிலும் இழப்பு இன்னொருவர் தலையிலும் விழும்போது, கூட்டிக் கழித்துப் பார்ப்பது மட்டும் அறம் ஆகாது. இழந்தவரின் வாசலில் போய் நின்று கணக்கைச் சொல்லும் துணிவு வேண்டும். இன்னொரு பதிலும் உண்டு: அந்த நிலம் முதலில் யாருடையது? ஓசேஜ் மக்கள் வேட்டையாடிய காடு அது. 1808இல் உடன்படிக்கை எழுதி அவர்களிடமிருந்து வாங்கினார்கள். பிறகு சில காலம் செரோக்கி மக்களுக்கு ஒதுக்கினார்கள். 1828இல் அவர்களையும் மேற்கே தள்ளினார்கள். காலி செய்யப்பட்ட விவசாயிகளின் முன்னோர் பலர், முன்பே காலி செய்யப்பட்டவர்களின் இடத்துக்கு வந்தவர்கள். இதை எடுத்துச் சொல்வது நியாயம். ‘ஆகவே உங்களை அனுப்பியதில் தவறில்லை’ என்று முடிப்பது நியாயமில்லை. பழைய அநியாயம் புதிய அநியாயத்துக்கு ரசீது அல்ல.

வேறு வழியே இல்லாமல்தான் அப்படி நடந்ததா? பஃபலோ கரையிலுள்ள பாக்ஸ்லி பள்ளத்தாக்கு, ‘இல்லை’ என்கிறது. அங்கே பூங்காத் துறை பின்னாளில் மனம் மாறி, நிலத்தின் தோற்றத்தைக் கெடுக்காமல் இருப்போம் என்ற கட்டுப்பாட்டோடு குடும்பங்கள் தங்கி உழவு செய்ய இடம் கொடுத்தது. இன்று அங்கே களஞ்சியமும் வேலியும் மேயும் மாடுகளும் ஆற்றோடு சேர்ந்தே இருக்கின்றன. ஆறு கெட்டுப்போய்விடவில்லை. பொறுமையும் பேச்சும் முதலிலேயே இருந்திருந்தால் ஆற்றின் வேறு கரைகளிலும் விளக்கு எரிந்திருக்கும்.

இருந்தாலும், உள்ளூர்க்காரன் செய்வதெல்லாம் ஆற்றுக்கு நல்லது என்று சொல்வதற்கில்லை. 2012இல் மவுண்ட் ஜூடியா ஊரருகே, பஃபலோவில் சேரும் பிக் ஓடையின் கரையில், 6,503 பன்றிகள் வைக்க ஒரு பண்ணைக்கு மாநில அரசு உரிமம் கொடுத்தது. பண்ணைக்காரர்கள் உள்ளூர்க் குடும்பத்தினர். சட்டம் கேட்ட தாள்களையெல்லாம் கொடுத்தவர்கள். கழிவைக் குட்டையில் தேக்கி வயல்களில் தெளிப்பது திட்டம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கவே முடியாது. காரணம், அந்தச் சுண்ணாம்புப் பாறை. ஓட்டையும் குகையும் நிலத்தடி வாய்க்காலுமாக அது உள்ளே சல்லடையாய்க் கிடக்கிறது. ஓய்வுபெற்ற நிலத்தடி நீரியல் பேராசிரியர் ஜான் வான் பிராஹானாவும் தன்னார்வலர்களும் அந்தப் பகுதி நீரில் தீங்கில்லாத சாயத்தைக் கலந்துவிட்டார்கள். சுற்றிலும் ஊற்றுக்கண்களிலும் ஓடைகளிலும் கரித்தூள் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தண்ணீரில் சாயம் வந்தால் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டலத்தை அவிழ்த்துச் சோதித்தால் தெரிந்துவிடும். மேலே மலைமுகடு பிரித்து வைத்த எல்லைகளை மதிக்காமல், வேறு ஓடைகளின் பக்கத்திலும் பஃபலோ ஆற்றிலும் சாயம் தலைகாட்டியது. ஒருவர் வயலில் விழுவது யார் கிணற்றில் எழும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலம் அது. அப்படிப்பட்ட மண்ணில் ‘என் நிலம், என் விருப்பம்’ என்ற வாதத்துக்கு நிற்க இடமில்லை.

2019இல் அரசு 62 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பண்ணையை மூடவைத்தது. மாசு செய்கிறவனுக்குப் பணமா என்று பலர் கொதித்தார்கள். கொதிப்பு புரிகிறது, ஆனால் அரசு செய்தது சரி. உரிமம் கொடுத்தது அரசு. இடம் தப்பு என்று பார்க்கத் தவறியதும் அரசு. தன் பிழைக்கு அடுத்தவன் பிழைப்பைப் பலிகொடுக்காமல், பொதுப்பணத்தில் பொதுத்தவற்றைத் தீர்த்தது. 1970களில் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு இந்த மரியாதையில் பாதி கிடைத்திருந்தால் பிற்பாடு பேச்சே வேறாக இருந்திருக்கும்.

ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் ஆறு இது. அவர்களில் யாரும் ஆயிரக்கணக்கில் பன்றி வளர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆள் தோறும் சிறிய சேதம் உண்டு: கழிப்பறை இல்லாத திட்டில் ஒதுங்குவது, பாதை இருக்கக் குறுக்கே இறங்கிக் கரையைச் சரிப்பது. எல்க் மான் பார்க்க பாக்ஸ்லி சாலையின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, வைக்கோல் ஏற்றிய டிராக்டரைக் காக்கவைப்பதும் இதில் சேர்த்தி. 1980களில் 112 எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி மேய்வது விவசாயியின் புல்லில், அவற்றைக் கண்டு மகிழ்வது ஊருக்குப் புதியவர். படகில் கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. விதிக்குப் பயந்து பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறவனும், வெறுங்காலோடு அதே திட்டில் நாளை இறங்கப் போகும் உள்ளூர்ப் பிள்ளையை நினைத்து வைத்துவிட்டுப் போகிறவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். விதி எழுதப்படாத நூறு இடங்களில்தான் வித்தியாசம் தெரியும்.

2023இல் ஒரு யோசனை வெளியே வந்தது: பஃபலோவைத் ‘தேசியப் பூங்கா மற்றும் காப்பிடம்’ என்று பெயர் உயர்த்தினால் கூட்டமும் வருமானமும் பெருகும் என்று, மாநிலத்தின் பெரும் செல்வந்தக் குடும்பம் ஒன்றோடு தொடர்புள்ளவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஐந்நூறு பேர் அளவே வசிக்கும் ஜாஸ்பர் ஊரில் அந்த அக்டோபரில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் சொன்னது வேண்டாம் என்பதே. மாற்றத்தைக் கண்டு மிரளும் மலைவாசிகள் என்று அதை வாசிப்பது சோம்பேறித்தனம். தங்களைக் கேட்காமல் தங்கள் ஆற்றின் மேல் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கற்றவர்கள். யோசனை நல்லதோ கெட்டதோ, அதை ஊருக்கு வெளியே சமைத்து ஊருக்குள் பரிமாற வந்ததுதான் பிழை.

ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும், படகும் ஓட்டட்டும். போகிற வழியில் ஸ்னீட் ஓடைப் பக்கத்து வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தால், அருவிக்குக் கிளம்பும் முன் அங்கே இருந்தவரின் பெயரைத் தெரிந்துகொண்டு போகட்டும். ஜாஸ்பரில் சாப்பிட்டுவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர் பூங்காவைத் திட்டினால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளட்டும். முகாம் போட்டால் சில இடங்களில் பணம் கட்ட வேண்டும். மற்றபடி பஃபலோ தேசிய ஆற்றுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.