முதுமையில் வரும் விஷாதம்



உத்ஸவம் சேவிக்க வரும் முதியோரில் சிலர், மங்களாசாஸனம் முடிந்தும் முகம் மலராமல் நிற்பதைக் காண்கிறோம். பசியில்லை, உறக்கமில்லை, திருநாமம் சொல்ல உட்கார்ந்தாலும் மனம் ஒன்றுவதில்லை. "பக்தி குறைந்துவிட்டது, பகவான் கைவிட்டுவிட்டான்" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். இல்லத்தாரும், "பெருமாளைச் சேவித்தால் சரியாகிவிடும், வைத்தியர் எதற்கு?" என்கின்றனர். இத்துயரம் பக்திக் குறைவா? வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவா? சிறிது விசாரிப்போம்.

முதுமைத் துயரத்திற்கு ஸ்ரீமத் ராமாயணம் காட்டும் உதாரணம் தசரதச் சக்கரவர்த்தி. ஸ்ரீராமன் கானகம் ஏகிய ஆறாம் நாள் இரவில், இளமையில் அறியாமல் முனிகுமாரனைக் கொன்ற பழைய செயலை அவர் கௌசல்யாதேவியிடம் சொல்லி அழுகிறார். அதன் பலனே இது என்று துணிகிறார். தேவியும் அதே சோகக்கடலில் மூழ்கியிருந்தமையால், கேட்டாளேயன்றித் தேற்ற வல்லளாகவில்லை. அன்று நள்ளிரவிலேயே மன்னர் உயிர் நீத்தார்.

குருக்ஷேத்திரத்திலோ நிலைமை வேறு. வில்லை எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த பார்த்தனுக்குக் கண்ணன் அருகிலிருந்தான். ஸ்ரீகீதையின் 18 அத்தியாயங்களில் முதலாவதற்கு அர்ஜுன விஷாத யோகம் என்றே பெயர். அதில் கண்ணன் கூறியது ஒரே வாக்கியம். மற்றபடி நண்பனின் புலம்பலைக் குறுக்கிடாமல் கேட்டான். அடுத்த அத்தியாயத் தொடக்கத்தில் சற்றே கடிந்துரைத்தும் கலக்கம் நீங்கவில்லை. அர்ஜுனன் மீண்டும் மனம் திறந்து, சீடனாய்ச் சரண் புகுந்த பின்னரே உபதேசம் தொடங்கிற்று. சோர்ந்தவனுக்கு முதலில் வேண்டுவது கேட்கும் செவியென்பது இதனால் விளங்கும்.

இக்கால மனநல வைத்தியர்களின் உரையாடல் சிகிச்சையும் கேட்பதில்தான் தொடங்குகிறது. முதியோர் பழங்கதை பேசுவது புத்தித் தளர்ச்சியன்று, வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் இயற்கையான செயலே என்று 1963-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் எழுதினார். அந்நாட்டு ட்யூக் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாட்பட்ட உடல்நோயோடு மனச்சோர்வும் கொண்ட 132 பேரில் ஒரு சாராருக்கு வழக்கமான உரையாடல் சிகிச்சையும், மறு சாராருக்கு அவரவர் சமய நம்பிக்கையை இணைத்த சிகிச்சையும் அளித்தனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்த பலனையே தந்தன. ஹிந்துக்களுக்கென்றும் தனிமுறை வகுத்திருந்தனர். ஆகவே, சிகிச்சை பெற வருபவர் தம் நம்பிக்கையை வாசலிலேயே விட்டுவர வேண்டியதில்லை.

இதில் வரம்பும் உண்டு. வைத்தியர் நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறியலாம், தம்முடையதைத் திணிக்கலாகாது. அர்ச்சகர் மருந்தை நிறுத்தச் சொல்லலாகாது. "எல்லாம் முன்வினை" என்று கூறி, நொந்தவரை மேலும் நோகச் செய்வது எவர்க்கும் தகாது. பிராட்டியின் புருஷகாரத்தையும் பெருமானின் க்ஷமையையும் நினைவூட்டுவதே தகும்.

பிரபன்னனுக்கு எம்பெருமானே உபாயம் அல்லவா எனில், ஆம், மோக்ஷத்திற்கு. ஜுரத்திற்குக் கஷாயம் அருந்துவது உபாயாந்தரம் ஆகாது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதும் அப்படியே. திருவரங்கத்தில் தன்வந்தரியாய்ச் சந்நிதி கொண்டிருப்பவனும் அவனே. ஆத்மாவும் சரீரமும் அவன் உடைமை; உடைமையைப் பேணுவது சேஷனுக்குக் கடமை.

ஆதலால், வீட்டுப் பெரியவர் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்ந்திருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். "வாழ்ந்தது போதும்" என்று சொன்னாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. பின்னர் சந்நிதிக்கும் அழைத்து வாருங்கள். விஷாதத்தையும் யோகமாக்கிய பார்த்தசாரதி அவர்களுடைய தேரையும் நடத்தியருள்வானாக!

எம்பெருமான் திருவடிகளே சரணம்.