வரிசை

வங்கியில் நாள் முழுதும் தொகைகளைக் கூட்டுகிறேன். வரிசை மாறினாலும் மொத்தம் மாறாது. எலெக்ட்ரிக் கிதார் விஷயம் அப்படியல்ல.

கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, காலால் மிதித்து இயக்கும் பெடல்களைக் கோத்து வைக்கிறார்கள். ஓசையைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் எதிரொலிப் பெடலை வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் தனித்துக் கேட்கும். முன்னால் வைத்தால் மூலமும் எதிரொலியும் சேர்ந்தே கரகரத்துக் குழம்பும். பெட்டிகள் அவையேதான்.

2012இல் வந்த ஸூம் எம்எஸ்-50ஜி, ஆறு பெடல்களின் வேலையை ஒரே சமயத்தில் செய்யும். ஆனால் அதற்கும் வரிசையில் ஓர் இடம்தான். எல்லாம் செய்ய வல்லது எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்பது பொய். கடைசியில் இருப்பது மற்ற எல்லாவற்றின் மீதும் தீர்ப்புச் சொல்கிறது. முதலில் இருப்பது எல்லாவற்றுக்குள்ளும் கலந்துவிடுகிறது.

விமர்சகனின் கோட்பாடும் இத்தகைய பெட்டிதான். கவிதை நம்மைத் தாக்குமுன் அதை வைத்தால், எது கவிதை, எது கோட்பாடு என்று பிறகு பிரிக்க முடியாது. பின்னால் வைத்தால் கடைசி வார்த்தை கோட்பாட்டினுடையது. ஆனாலும் கவிதையின் குரல் தனியே கேட்கும். அதனால் நான் பின்னால் வைக்கிறேன்.

இது விதியல்ல. வான் ஹேலன் குழுவின் 1978ஆம் வருஷத்து முதல் இசைத்தட்டில், எடி வான் ஹேலனின் ஃபேஸ் 90 பெடல் ஆம்ப்ளிஃபயரின் கரகரப்புக்கு முன்னால் இருந்தது. அந்த ஓசை அப்படித்தான் பிறந்தது. முன்னால் வைப்பதில் குற்றமில்லை. எங்கே வைத்தோம் என்பதை மறைத்து, கேட்டதெல்லாம் கவிதையின் குரலே என்று சொல்வதுதான் குற்றம்.