மஜும்தார் சொன்னார், சென் சொன்னார்

சரித்திரப் பரீட்சையில், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வெறும் சிப்பாய்க் கலகமா அல்லது முதல் சுதந்திரப் போரா என்ற வினாவைப்போல் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வினா வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. சாவர்க்கர் அதைச் சுதந்திரப் போர் என்றார், சரித்திராசிரியர்களில் ஆர். சி. மஜும்தார் மறுத்தார், எஸ். என். சென் நடுநிலை வகித்தார். ஆகவே இரு பக்கமும் உண்மை உண்டு என்று முடியும் விடையும் அவ்வாறே பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையின் அடியில் உறவினர் பெயர்களை வரிசையாக அச்சிடுவதுபோல, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி மூன்று பெரியவர்களின் பெயர்களைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்ததென்று மாணவன் பேனாவை மூடிவிடுகிறான்.

இதற்காக மாணவனை மட்டும் கோபித்துக்கொள்வது நியாயம் ஆகாது. விடைத்தாள் திருத்தும் நானும், அரசியலிலும் ஆசாரத்திலும் எனக்குண்டு என்று நம்பிக்கொண்டிருக்கும் அபிப்பிராயங்களில் எத்தனை என் புத்தியால் சோதிக்கப்பட்டவை, எத்தனை இன்னார் சொன்னார் என்ற ஒரே பலத்தில் நிற்பவை என்று கணக்கெடுத்தால், வெளியே சொல்லக் கூச்சப்படும் தொகைதான் மிஞ்சும். எல்லாவற்றையும் நாமே ஆராய்ந்து முடிக்க ஆயுள் போதாது. பிறர் தீர்ப்பை ஏற்றுத்தான் வாழ வேண்டியிருக்கிறது. ஆனால் ஏற்பதற்கும் ஒப்பிப்பதற்கும் பேதம் உண்டு.

கைடு புத்தகம் மறைத்துவிடும் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னும் மஜும்தாரும் எதிரெதிர் அணியில் நின்று வாள் வீசியவர்கள் அல்லர். கிளர்ச்சியின் நூற்றாண்டான 1957-இல், சென் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படியும், மஜும்தார் தம் சொந்தப் பொறுப்பிலும், தத்தம் நூலை வெளியிட்டார்கள். முன்கூட்டியே நாடு முழுவதும் வகுக்கப்பட்ட சதித்திட்டம் எதுவும் இருந்ததாக இருவருமே ஒப்பவில்லை. இன்று நாம் கருதும் தேசிய உணர்ச்சி அன்று முதிர்ந்திருக்கவில்லை என்பதிலும் இருவருக்கும் பெரிய பிணக்கு இல்லை. மதத்தைக் காக்க எழுந்த கலகம் போகப்போகச் சுதந்திரப் போரின் லட்சணத்தை அடைந்தது என்று சென் ஓரடி முன்னே போகிறார். தலைவர்கள் அவரவர் சொந்தக் குறைகளுக்காகவே போரிட்டனர் என்று மஜும்தார் அங்கேயே நின்றுவிடுகிறார். இந்த ஓரடிதான் விவாதம். அதை விட்டுவிட்டு இரு பெயர்களையும் எதிரெதிரே நிறுத்துவதில் பொருளில்லை.

சற்றுச் சாமர்த்தியமுள்ள மாணவர்கள் வேறொரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். சாவர்க்கர் லண்டனில் இருந்தபோது எழுதி 1909-இல் வெளிவந்த நூல், வருங்காலப் போருக்கு ஆள் திரட்டும் நோக்கமுடையது. ஆகவே ஒருதலைப்பட்சமானது, தள்ளிவிடலாம் என்று எழுதுவார்கள். நோக்கத்தைக் கண்டுபிடித்தது சரியே. ஆனால் நோக்கமுள்ளவன் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்றால் நோக்கமற்ற ஆசிரியர் ஒருவரையாவது அவர்கள் காட்ட வேண்டாமா? பரீட்சகரை மகிழ்விக்கும் இந்த உத்தியை நான் பழைய பெயர்ப் பட்டியலைவிடவும் கீழாகவே மதிக்கிறேன்.

பின் என்னதான் செய்வது? ஆசிரியரின் கூற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியையாவது அக்காலத்து ஆதாரம் ஒன்றின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளர்ச்சிக்காரர்கள் தரப்பில் வெளிவந்த, 1857 ஆகஸ்டு 25 தேதியிட்ட அசம்கர் அறிக்கை அதற்கு மிகவும் ஏற்றது. அதிக வரியாலும் ஏலத்தாலும் நிலத்தை இழக்கும் ஜமீன்தார்கள், அவுரியும் துணியும் கைவிட்டுப்போன வியாபாரிகள், சொற்பச் சம்பளத்தில் உயர்பதவி எட்டாத உத்தியோகஸ்தர்கள், இங்கிலாந்துச் சரக்கால் வேலையிழந்த நெசவாளர், தச்சர், கொல்லர், இவர்களோடு பண்டிதர்களும் பக்கீர்களும் என ஒவ்வொரு வகுப்பையும் அது தனித்தனியே அழைக்கிறது. அவரவர் குறையைச் சொல்லி அழைப்பதால் மஜும்தார் சொன்னது மெய்யென்று தோன்றும். எல்லாரையும் ஒரே அறிக்கையில் அழைப்பதால் சென் பக்கமும் மனம் சாயும். சரித்திராசிரியர் எரிக் ஸ்டோக்ஸ் மறைந்த பின் 1986-இல் வெளிவந்த அவருடைய நூலோ, ஒரே ஜில்லாவுக்குள்ளும் ஊருக்கு ஊர் கிளர்ச்சியின் போக்கு மாறுபட்டதைக் காட்டி, நாடு என்ற பெரிய அளவுகோலையே சங்கடப்படுத்துகிறது.

‘முதல்’ என்ற விருது வடக்குக்கு மட்டும் உரியதன்று என்பதும் நமக்குத் தெரியும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்கும் முந்திய 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சிக்கே கே. ராஜய்யன் தம் நூலில் முதல் சுதந்திரப் போர் என்று பெயரிட்டார். சொந்த ஊர்ப் பெருமை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; எந்த லட்சணங்களால் ஒரு போர் சுதந்திரப் போராகிறது என்று முதலில் சொல்லிவிட்டுச் சிரித்தால் நல்லது.

பதினேழு வயதுப் பிள்ளை மஜும்தாரோடு மாறுபடலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. தாராளமாக மாறுபடலாம், ஓர் அம்சத்தில், ஓர் ஆதாரத்தோடு. நாற்பது நிமிஷத்தில் அதற்குமேல் இயலாது. மூன்று பெயர்களையும் விட்டுவிட்டு, மஜும்தார் சொல்வது ஜமீன்தார்களுக்குப் பொருந்துகிறது, அதே அறிக்கையில் வரும் நெசவாளருக்கு எவ்வாறு பொருந்தும் என்று ஒரு மாணவி ஒரு பத்தி எழுதிவிட்டால், விடைக்குறிப்பில் அதற்கென்று தனி மதிப்பெண் இல்லாவிட்டாலும் நான் கொடுத்துவிடுவேன். தலைமைத் தேர்வாளர் காரணம் கேட்டால், அசம்கர் அறிக்கையை எடுத்துக் காட்டி அந்த நெசவாளரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று திருப்பிக் கேட்பேன்.