எது பக்கம், எது தூரம்?

ஆம்பூரிலிருந்து அந்த நண்பர் வந்தபோதே முகம் சரியாக இல்லை. தோல் ஷாப்பில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காப்பியை ஆறவிட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ சொன்னால் கேட்பாள், தம்பி. நீதான் சொல்லவேண்டும்."

அவருடைய மகள் நர்ஸ். ஆறு வருஷம் வேலூரில் வேலை பார்த்துவிட்டு, ஒரு நிவாரணக் குழுவில் தொண்டராகச் சேர்ந்து ஆப்பிரிக்காவிலுள்ள சாட் நாட்டுக்குப் போனாள். 2023 ஏப்ரலில் பக்கத்துச் சூடானில் போர் மூண்டதும் லட்சக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டி ஓடிவந்த நாடு அது. தலைநகரான என்ஜமேனாவில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அனுப்புவது அவள் வேலை. போர் நடக்கும் இடத்துக்கும் அந்த நகரத்துக்கும் ரொம்ப தூரம். தகப்பனாரும் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது கிழக்கு எல்லையில் உள்ள அட்ரே என்ற ஊருக்கு மாற்றக் கேட்டிருக்கிறாளாம். யாரும் போகச் சொல்லவில்லை, தானாகவே கேட்டிருக்கிறாள்.

"இங்கே நோயாளிகளுக்கா பஞ்சம்?" என்றார் நண்பர்.

பெற்ற வயிறு எரிந்து கேட்ட கேள்விதான். ஆனாலும் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. தன் தெருவில் கிடப்பவனைத் தாண்டிப்போய்த் தூரதேசத்தானுக்கு இரங்குகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். கருணையிலும் வேஷம் உண்டு. அபாயத்துக்குப் பக்கத்தில் நின்றால் நாம் உயர்ந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டு. அந்த மயக்கத்துக்குப் பிறருடைய ரணம் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

டாக்டர் கோட்னிஸை நினைத்துக்கொண்டேன். சோலாப்பூர்க்காரர். ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்திருந்த சமயம். சீனத் தளபதி ஜூ தே கேட்டுக்கொண்டதன்பேரில் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. 1938 செப்டம்பர் 1-ஆம் தேதி அவர்கள் பம்பாயில் கப்பலேறினார்கள். நம் தேசமே அடிமைப்பட்டு, காலராவிலும் பசியிலும் செத்துக்கொண்டிருந்த காலம். 'இங்கே நோயாளிகளுக்கா பஞ்சம்?' என்று யாராவது கேட்டிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும். சுங்கிங், பிறகு யெனான், அதன்பின் ஜப்பானியப் படைகளின் பின்புறத்தில் கொரில்லாக்கள் போராடிய வடக்கு எல்லைப் பிரதேசம் என்று கோட்னிஸ் போருக்கு நெருங்கிக்கொண்டே போனார். மற்ற நால்வரும் ஊர் திரும்பினார்கள். அவர் 1942 டிசம்பர் 9-ஆம் தேதி, 32-ஆம் வயதில், சீனத்து மனைவியையும் சில மாதக் குழந்தையையும் விட்டுவிட்டு அங்கேயே இறந்தார்.

செத்தவர் பெரியவர், திரும்பியவர்கள் சிறியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாவை வைத்துத் தொண்டை அளப்பது தவறான படிக்கல். கோட்னிஸ் போன இடத்தில் சத்திர சிகிச்சை செய்ய ஆள் அபூர்வம். அவர் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார்; அங்குள்ளவர்களுக்கு வைத்தியமும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைக்கு அங்கே வேலை இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம்.

இதற்குச் சீனாவரை போவானேன்? ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடரின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான தகப்பனார் அதே வீட்டில்தான் இருந்தார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வைத்தியம் ஒரே ஊரில் இருந்தும் அந்தப் பெண்களை எட்டவில்லை. அந்தத் தூரத்தைக் கடப்பதற்காக ஐடா அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 'அமெரிக்காவில் நோயாளிகளுக்கா பஞ்சம்?' என்று கேட்டு அவரை அங்கேயே நிறுத்தியிருந்தால், இன்று வேலூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஏது? யாரோ தூரம் பாராமல் வந்ததன் பலனை நூறு வருஷத்துக்குமேல் அனுபவித்தவர்கள் நாம். நம் வீட்டுப் பெண் புறப்படும்போது மட்டும் மைல் கணக்குப் பார்க்கலாமா?

இன்னொன்றும் தோன்றியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸாகிப் போர்முனைக்குப் போயிற்று. அப்போது போர் தூரமாக இருக்கிறதே என்று எந்தத் தோல் மண்டியும் சரக்கை நிறுத்திவைக்கவில்லை. சரக்குக்குப் பக்கமாக இருந்த போர், இரக்கத்துக்கு மட்டும் தூரமாகிவிடுமா?

அன்று இரவு அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். புத்தி சொல்லவில்லை, ஒன்றே ஒன்று கேட்டேன்: "உன் வேலையை அங்கே வேறு யாரும் செய்ய மாட்டார்களா?"

"மருந்துப் பெட்டியை இந்த ஊர்ப் பையன்கள் என்னைவிட நன்றாகப் பிரிக்கிறார்கள், சித்தப்பா. எல்லையில் பிரசவம் பார்க்கத்தான் ஆள் போதவில்லை."

மேலே பேச எனக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணச் சொல்லு" என்றார்.

நான் சொன்னது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவள் என் மகளாக இருந்து, நண்பர் என் இடத்தில் இருந்திருந்தால், இந்த நியாயமெல்லாம் எனக்கு இவ்வளவு சுலபமாக விளங்கியிருக்குமா? வாரந்தோறும் அந்தப் போனுக்குக் காத்திருக்கப் போகிறவர் அவர். நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.