ஞாயிறு பாடியவனே, திங்களன்று எழுந்து நில்!

தம்பி, தங்கை, உங்களிடம்தான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உன் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. ஜெபத்தில் கண் கலங்குகிறாய். காணிக்கைப் பையில் தாராளமாகப் போடுகிறாய். மறுநாள் காலை அலுவலக மேஜைக்கு ஒரு கோப்பு வருகிறது, கூடவே ஒரு கவரும் வருகிறது. அங்கே உன் குரல் எங்கே போனது? “நான் ஒருத்தன் நேர்மையாக இருந்து என்ன ஆகிவிடப் போகிறது?” என்று முணுமுணுக்கிறாயே, அந்த முணுமுணுப்பை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருத்தன் போதும்! எரிகோவின் சகேயுவைப் பார். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், ஊரே முகம் சுளித்த ஆள். இயேசு அவன் வீட்டுக்குள் காலடி வைத்தார். அவன் பாட்டுக் கட்டவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து நின்று கணக்குத் தீர்த்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான். அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்த அன்றே பணப்பெட்டி திறந்தது. உன் விசுவாசம் உன் பணப்பெட்டியைத் தொட்டிருக்கிறதா?

“நான் பாஸ்டர் இல்லையே, சாதாரண எலக்ட்ரீஷியன்தானே, வீட்டோடு இருக்கிற பெண்தானே” என்று ஒதுங்கிக்கொள்ளாதே. உன்னை நீயே குறைத்துப் பேசுவது தாழ்மை ஆகாது. நீ வணங்குகிற ஆண்டவர் ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அதுவரை நாசரேத் என்ற சிற்றூரில் அவரைத் தச்சர் என்றுதான் அறிந்திருந்தார்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார். வேலை செய்து காய்த்த கைகளைக் கடவுள் ஒருநாளும் இளக்காரமாகப் பார்த்ததில்லை. நீ ஏன் பார்க்கிறாய்?

நம் மண்ணிலேயே ஒருவரைச் சொல்கிறேன். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், அங்கி போட்ட குருவானவர் அல்லர், சர்க்கார் உத்தியோகஸ்தர். நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் கிடந்து, வழக்காடுகிற குடியானவனுக்கு எட்டாமல் இருந்த காலம் அது. அவற்றைத் தொகுத்துத் தமிழில் கொண்டுவந்தார். கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துப் பாடினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தஞ்சைச் சீமை பசியில் துடித்தபோது, கைப்பொருளை வாரி இறைத்துச் சோறு போட்டார். அதைக் கண்டு உருகி அவரைப் புகழ்ந்து பாடியவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார்! மதம் வேறான ஒருவர் வாயிலிருந்து தானாக வந்த அந்தப் பாட்டைவிடப் பெரிய சாட்சி இருக்கிறதா?

“எனக்குச் சூழ்நிலை சரியில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை” என்பவர்கள் வேலூருக்கு வாருங்கள். மேரி வர்கீஸ், அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவர். 1954-இல் சாலை விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. முகத்திலும் ஆழமான காயம். கனவெல்லாம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லியிருப்பார்கள். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சைகள் இருக்கின்றன என்று அவருக்கு வழிகாட்டினார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார். தொழுநோயில் நரம்பு செத்து, விரல்கள் உள்பக்கம் வளைந்து கொக்கிபோல் இறுகிவிடும். முன்னங்கையில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, தோலுக்கடியில் வழி பண்ணி, விரல்களோடு கொண்டுபோய்த் தைக்க வேண்டும். இழுவிசை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விரல் பயன்படாது. தன் கால்விரலை அசைக்க முடியாத ஒரு பெண், சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஊர் தொட மறுத்தவர்களின் கைவிரல்களை நிமிர்த்தினார்! சோறு பிசைந்து உண்ணவும் கருவி பிடித்து உழைக்கவும் அந்தக் கைகள் திரும்ப வந்தன. பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். தன்னைப்போல் முதுகுத்தண்டு ஒடிந்தவர்களுக்காக 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழும்பக் காரணமாக இருந்தார். 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. எனக்கு அந்த விருதைவிட அவர் நிமிர்த்திய விரல்கள்தான் பெரிது.

இப்போது சொல், உனக்கு என்ன குறை?

கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறாயா? திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவத் தாய்மார்களைக் கேள். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசிக் காணிக்கை. பனை ஏறுகிறவர் வீட்டில், நாலு பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கிற அடுப்படியில், அந்த ஒரு பிடி எப்படி வந்தது என்று யோசி. சுவிசேஷம் எட்டாத ஊர்களுக்கு ஆள் அனுப்பவும் ஏழைக்குக் கொடுக்கவும் அந்த அரிசி உதவியது. மிச்சத்தில் கொடுத்திருந்தால் ஒரு மணிகூடச் சேர்ந்திருக்காது. உலையில் விழுவதற்கு முன்பே எடுத்தார்களே, அங்கேதான் அவர்கள் பலம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமாட்டேன், கசந்தாலும் கேள். ஒரே அப்பத்தைப் பிட்டு நற்கருணை வாங்குகிறாய். வீட்டுக்கு வந்து மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி சாதி! ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத சாதி எந்தத் தண்ணீரில் கரையும்? சபைக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பி வாழ்ந்த வரலாறு நமக்கு உண்டு. அதை இடிக்க ஆயர் வர வேண்டியதில்லை, சினாடு கூட வேண்டியதில்லை. உன் வீட்டுக் கல்யாணப் பேச்சில், வரதட்சணைப் பட்டியலை நீட்டுகிற வேளையில், “இது என் வீட்டில் நடக்காது” என்று நீ ஒருவன் சொன்னால் ஒரு கல் பெயரும். சித்தப்பா கோபித்துக்கொள்வார், அத்தை பேச்சை நிறுத்துவார். நிறுத்தட்டும்! தானியேலை மாட்டிவிட நினைத்தவர்கள் அவன் உத்தியோகத்தைத் துருவிப் பார்த்தார்கள், ஒரு குற்றமும் அகப்படவில்லை. அவன் சிங்கக் கெபியில் நிமிர்ந்து நின்றதற்கு முன்னால், கணக்குப் புத்தகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்றவன். நீயும் நிற்க முடியும். உனக்குள் இருக்கிற ஆவியானவர் உன்னைக் கோழையாக்க வரவில்லை.

பெரிய அழைப்பு வரட்டும் என்று காத்திராதே. கடையில் இருந்தால் தராசை நேராகப் பிடி. ஆசிரியராக இருந்தால், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத கடைசி பெஞ்சுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. உன் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அக்காவுக்குத் தனி டம்ளர் இருக்கிறதென்றால் அதை இன்றே தூக்கி எறிந்துவிட்டு, நீ குடிக்கிற டம்ளரில் காபி கொடு. அவருக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் மாதக் கடைசி வரை இழுக்காதே. கூலிக்காரன் கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்பது மோசே காலத்துக் கட்டளை. இன்னும் பொழுது சாயவில்லை, எழுந்து போய்க் கொடு!